அக்காவின் ஸ்பானிஷ்

எங்கள் தொழிற்சாலையில் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள் அந்த அக்காதான். ஆனால் அவருக்கு ஸ்பானிஷில் வணக்கம் சொல்லத் தெரியாது, நன்றி சொல்லத் தெரியாது, மணி என்ன என்று கேட்கவும் தெரியாது. கெட்டுப்போன சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசத் தெரியும். எல்லாம் சேர்த்து இருபது சொல்லுக்குள் அடங்கிவிடும். அந்த இருபதை வைத்துக்கொண்டு அவர் ஆறு வருடம் உத்தியோகம் பார்த்தார்.

மலேசியாவில் மாசாய் என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம் போனால் எங்கள் தொழிற்சாலை. கடலை, முந்திரி, பாதாம் எல்லாம் வறுத்து, பொட்டலம் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பொட்டலத்தின் முதுகில் தேதி அடிப்பது என் வேலை. எனக்கு எதிர் மேசை அக்கா. வாடிக்கையாளர் புகார்கள் அவரிடம் வரும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் மடித்த கைக்குட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்பார்.

எங்கள் சரக்கில் பாதியைத் தென் அமெரிக்காவில் ஒரே ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்காகத்தான் இரண்டாம் ஷிப்ட் ஓடியது. அதில் முப்பது பெண்கள், அவர்களில் ஒருத்தி என் மனைவி. அந்த வாடிக்கையாளரின் புகார் ஸ்பானிஷில் வரும். முதல் தடவை எங்கள் முதலாளி தவுக்கே அதைத் தன் கைப்பேசியில் போட்டுப் பார்த்தார். கடலையில் பழைய சுவை இருக்கிறது என்று கைப்பேசி சொன்னது. பழைய சுவை நல்லதுதானே என்று தவுக்கே சந்தோஷமாகக் கோப்பை மூடிவிட்டார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஜொகூர் பாருவில் பழைய புத்தகம் விற்கும் கடைக்குப் போய்த் தடியாக ஒரு ஸ்பானிஷ்-ஆங்கில அகராதி வாங்கி வந்தார். அதிலிருந்த ஆங்கிலம் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமாக இல்லை. எங்கள் ஆபீசில் கெட்டுப்போன எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், எக்ஸ்பயர்ட். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே தமிழில் எழுதிப் பார்த்தார். அங்கேதான் பிடி கிடைத்தது. நமக்குச் சோறு ஊசும், மாவு புளிக்கும், பால் திரியும், பழம் அழுகும், முறுக்கு நமத்துப்போகும், எண்ணெய் காறும். அவர்களும் அப்படித்தானாம். அக்ரியோ என்றால் புளித்தது. போத்ரிதோ என்றால் அழுகியது. மோஓசோ என்றால் பூசணம் பிடித்தது. ரான்சியோ என்றால் காறல்.

"இவங்க நம்ம ஆளுங்க மாதிரிதான் தம்பி. மூக்கால மோந்து பாத்துட்டுதான் பேசறாங்க," என்றார்.

கடிதத்தின் அடியில் வரும் மரியாதைச் சொற்களை மட்டும் அவர் படிப்பதே இல்லை. கேட்டால், "அதெல்லாம் எல்லாரும் சும்மா போடறது," என்பார். இதைச் சொன்ன அக்காவைப் போல மரியாதை பார்க்கும் இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

யார் முகத்துக்கு நேராகவும் ஒரு பொருள் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார். அவரால் முடியாது. தமிழில் முடியாது, மலாயில் முடியாது, ஆங்கிலத்திலும் முடியாது. காண்டீனில் நாசி லெமாக் விற்கும் மக்சிக் என்ற மலாய் அம்மாவின் சம்பல் ஒருநாள் புளித்து நுரை கட்டியிருந்தது. நான் ஒரு வாயோடு வைத்துவிட்டேன். அக்கா கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு, சேடாப் மக்சிக், ரொம்ப ருசி என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, யாருக்கும் கேட்காத குரலில், "அக்ரியோ," என்றார்.

அதுதான் அவர் வழி. உண்மையை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. யாருக்கும் புரியாத மொழி ஒன்று கையில் இருந்ததால் அதில் இறக்கி வைத்தார். எதிர் மேசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொற்கள் பாடமாகிவிட்டன. மற்றவர்களுக்கு அது தெரியாது. அக்கா சாப்பிட்டு முடித்ததும் கை துடைத்தபடி முணுமுணுப்பதைப் பார்த்து, ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். என்ன பக்தி பாரு என்று ஸ்டோரில் இருந்த ஒரு பெரியவர் என்னிடமே மெச்சியிருக்கிறார்.

ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி முறுக்குத் தட்டை முன்னால் வைத்தாள். நாலு முறுக்குச் சாப்பிட்டார். "நல்லாருக்கு மா. நல்லா மொறுமொறுன்னு செஞ்சிருக்கே," என்றார். இன்னும் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள், எடுத்துக்கொண்டார். அப்புறம் கைக்குட்டை வெளியே வந்தது. விரலைத் துடைத்துக்கொண்டே, "ரான்சியோ," என்றார். அவர் போனதும் நான் ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்தேன். போன வருட எண்ணெயில் சுட்டதுபோல் இருந்தது. விஷயத்தை என் மனைவியிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு மறுபடியும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் அவள் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தீபாவளிக்கு மறுநாள் ஆபீசில் நான் அக்காவிடம் கேட்டேன். "சொல்லியிருக்கலாமேக்கா?"

"ஆசையா செஞ்சிருக்கு தம்பி. அந்த மூஞ்சிய பாத்து எப்படி சொல்றது?"

"அப்போ ஸ்பானிஷ்ல மட்டும் ஏன் சொல்றீங்க?"

"சாமிக்குத் தெரியணும்லா, நான் பொய் சொல்லலன்னு."

அவர் கோயிலுக்கு ஒரு தடவை ஸ்பானிஷ் பேசும் கன்னியாஸ்திரீ ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். பூசை முடிந்து எல்லாரும் வெளியே டீ குடிக்கும்போது, நம்ம ஆளுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று சொல்லி அக்காவைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். அக்கா ரொம்ப நேரம் யோசித்தாராம். கடைசியில் டீக்கோப்பையைக் காட்டி, "லா லெச்சே நோ எஸ்தா அக்ரியா," என்றாராம். பால் புளிக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சிஸ்டர் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தாராம். இதை எனக்குச் சொன்னபோது அக்காவுக்கே சிரிப்பு. நோ எஸ்தா, இல்லை, கெடவில்லை. ஸ்பானிஷில் அவரால் ஒன்றைப் பாராட்ட முடிந்தது அந்த ஒரு வழியில்தான்.

கடலை கெடுமா என்ற கேள்வி எங்கள் தொழிற்சாலையில் தீராத ஒன்று. தவுக்கே கெடாது என்ற கட்சி. "கச்சாங் மானா அடா ரோசாக்," என்பார். கடலையாவது கெடுவதாவது என்று அர்த்தம். காய்ந்த பொருள், வறுத்த பொருள், உப்புப் போட்ட பொருள், எப்படிக் கெடும் என்று கேட்பார். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். தேதி அடிப்பவன் நான், அந்தத் தேதியில் எனக்கே நம்பிக்கை கிடையாது.

ஒருநாள் அக்கா என் மேசையில் இரண்டு கிண்ணம் வைத்தார். இரண்டும் ஒரே நாளில் வறுத்த கடலை. ஒன்று குளிர்பெட்டியில் இருந்தது, மற்றது ஆறு மாதம் தகரக் கூரைக்குக் கீழே ஸ்டோரில் கிடந்தது. பார்க்க ஒரே நிறம். முதல் கிண்ணத்தில் கடலை வாசம் வந்தது. இரண்டாவதை மோந்ததும் ஆரம்பப் பள்ளியில் வைத்திருந்த மெழுகு வண்ண டப்பாவின் நினைப்பு வந்தது.

"சோறு கெட்டா நூல் விடும். பழம் கெட்டா கறுத்துப்போகும். இது மட்டும் அப்படியே இருக்கும் தம்பி. உள்ளுக்குள்ள எண்ணெய் இருக்குல, அது காத்துல, சூட்டுல கெட்டுப்போகும். வால்நட் முதல்ல போயிரும். கச்சாங் அதுக்கப்புறம். பாதாம் பிடிவாதக்காரன், கொஞ்சம் நாள் நிப்பான். ஆனா எல்லாம் ஒரு நாளைக்குக் காறும்."

"இத தவுக்கேகிட்ட சொல்லுங்க."

"எப்படி சொல்றது? ஸ்டோர் அவர் கட்டினது."

அப்படித்தான் புகார்களும். கடலை ரான்சியோ, எங்கள் ஆட்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள், இது மூன்றாம் தடவை என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். அக்கா அதை உட்கார்ந்து சொல் சொல்லாகப் படித்து, முகம் வாடி, எழுந்துபோய்த் தவுக்கேயிடம், "வாசம் கொஞ்சம் மாறியிருக்காம் பாஸ்," என்று சொல்லிவிட்டு வருவார். இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். அவர் அன்றைக்கே உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் தவுக்கே ஸ்டோருக்கு ஒரு ஏர்கோனாவது போட்டிருப்பார். அக்காவின் நல்ல குணத்தால் கடலை ஆறு வருடம் காறிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு கண்டெய்னர் முழுசாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. அந்தக் கம்பெனியின் முதலாளியே நேரில் வருகிறார், பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருட ஆர்டரை முடிவு செய்வார் என்று அதில் இருந்தது. ஆர்டர் இல்லையென்றால் இரண்டாம் ஷிப்ட் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். என் மனைவி அந்த வாரம் முழுக்க எனக்கு முன்னால் எழுந்து சாமி விளக்கு ஏற்றினாள்.

தவுக்கே ஒரு காரியம் செய்தார். திரும்பி வந்த கடலையை முதல் ஷிப்டில் பிரித்து, மறுபடி வறுத்து, மிளகாய்த்தூளும் கருவேப்பிலையும் தாராளமாகப் போட்டுப் புரட்டி, இரண்டாம் ஷிப்டில் புதுப் பொட்டலத்தில் போடச் சொன்னார். புது ருசி என்று விருந்தாளிக்குக் காட்டுவதற்கு. பொட்டலத்துக்குத் தேதி வேண்டுமே. என்னிடம் வந்தார்கள். நான் அன்றைய தேதியிலிருந்து ஒரு வருடம் கணக்குப் பண்ணி அடித்தேன். எதிர் மேசையில் அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

வந்தவர் ஒரு பெண். அறுபது வயதிருக்கும், குள்ளம், நரைத்த முடியை இறுக்கிப் பின்னால் கட்டியிருந்தார். தவுக்கேயோடு ஆங்கிலத்தில் பேசினார். நல்வரவு என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லை நான் கைப்பேசியில் தேடித் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். அக்கா இரண்டு நாள் மனப்பாடம் செய்து அதைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தவுக்கேக்குப் பெருமை தாங்கவில்லை.

தட்டு வந்தது. அந்த அம்மா இரண்டு கருவேப்பிலைக் கடலையை எடுத்து மென்றார். காரத்தில் கண் கலங்கியது. "ரிக்கோ," என்றார். ருசியாக இருக்கிறது என்று அர்த்தம், பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு அந்தச் சொல் தெரியாது. எந்தப் புகாரிலும் அது வந்ததில்லை.

பிறகு அந்த அம்மா தட்டை அக்கா பக்கம் நீட்டினார். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிச் சிரித்தார். கைக்குட்டையை எடுத்தார். விரலைத் துடைத்துக்கொண்டே, மக்சிக்கின் கடையில் செய்ததுபோல, எங்கள் வீட்டில் செய்ததுபோல, "ரான்சியோ," என்றார்.

அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஒரு கை தூரத்தில் நிற்கிறார் என்பது அக்காவின் வாய்க்கு ஞாபகம் இல்லை.

அந்த அம்மா மெல்வதை நிறுத்தினார். "ரான்சியோ?" என்று கேட்டார்.

தவுக்கே இருவரும் ஏதோ நல்லது பேசிக்கொள்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டு நின்றார். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியும். நோ எஸ்தா என்று ஆரம்பித்தால் போதும், கோயில் வாசலில் சொன்னதுதான். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை லேசாக ஆட்டினேன், இல்லை என்று சொல்லுங்கள் என்று. அக்கா தட்டிலிருந்து இன்னொரு கடலையை எடுத்தார். நிதானமாக, ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார்.

"ஸீ," என்றார். "ரான்சியோ."

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா அக்காவின் தோளைத் தட்டிவிட்டு, மரியாதையாக விடைபெற்றுப் போனார். ஆர்டர் வரவில்லை, மூன்று வாரம் கழித்து இரண்டாம் ஷிப்ட் நின்றது. தவுக்கே முப்பது பெண்களையும் கூப்பிட்டு வருத்தம் சொல்லி, ஆளுக்கு ஒரு பெரிய பொட்டலம் கொடுத்து அனுப்பினார். அதே கருவேப்பிலைக் கடலை. வீணாக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. என் மனைவி அதைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள், பிரிக்கவில்லை.

என்ன நடந்தது என்று அவள் கேட்டபோது, அக்கா ஏதோ உளறிவிட்டார் என்று சொன்னேன். நல்ல கடலையா என்று கேட்டாள். கடலைக்கென்ன என்றேன். எனக்கு அக்கா மேல் உண்மையிலேயே கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு அப்போது வசதியாகவும் இருந்தது.

அக்காவை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஸ்பானிஷில் புகார் வருவது நின்றுபோனதால் அவருக்கு மேசையில் வேலை இல்லை. தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். சிகாமட்டில் அண்ணன் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். போவதற்கு முன் அந்த முப்பது பெண்களின் வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தார். சில வீடுகளில் கதவு திறக்கவில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் மனைவி வாங்க என்றாள். உட்காரச் சொன்னாள். அலமாரியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து, அக்கா கண்ணெதிரே பிரித்து, தட்டில் கொட்டி முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கக்கா. நாங்க போட்ட பொட்டலம்தான். இதுதான் கடைசி."

அக்கா ஒன்றை எடுத்து மென்றார். எனக்குத் தெரியும் என்ன வரும் என்று. நல்லாருக்கு மா என்பார், கைக்குட்டை வரும், பிறகு ஸ்பானிஷ் வரும். பழி அவர் மேலேயே இருந்துவிடும், நான் தப்பித்துவிடுவேன்.

"காறியிருக்கு மா," என்றார் அக்கா. தமிழில், என் மனைவியின் முகத்தைப் பார்த்து. "இத வீட்டுல வச்சிருக்காதே."

என் மனைவி ஒரு கடலையை வாயில் போட்டுப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாதானே இருக்கு."

"காரம் மறைக்குது. கொஞ்சம் தண்ணி கொண்டா."

தண்ணீர் வந்தது. அக்கா நாலு கடலையைக் கிண்ணத்தில் போட்டு அலசினார். மிளகாயும் உப்பும் போய், கடலை வெறுமனே வந்தது. கைக்குட்டையில் துடைத்து என் மனைவியிடம் கொடுத்தார். அவள் மென்றாள். பாதியில் முகம் சுளித்து, கையில் துப்பிவிட்டு, பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"தேதி இன்னும் பத்து மாசத்துக்கு மேல இருக்கேக்கா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்திருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன்.

"தேதி நான் அடிச்சது," என்றேன். "திரும்பி வந்த கடலை அது. தெரிஞ்சுதான் அடிச்சேன். அக்கா உளறல."

என் மனைவி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். எழுந்து தட்டையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குப்பைத் தொட்டியின் மூடி விழும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்புப் பற்றவைக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் அவள் இரண்டு கோப்பை டீ கொண்டுவந்தாள். ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தான் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா முழுசாகக் குடித்தார். "டீ நல்லாருக்கு மா," என்றார்.

கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். நாங்கள் இருவரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஸ்பானிஷில் ஒன்றும் வரவில்லை.